சுற்றிவைத்த கீழ்நூல்

தையற்பொறியின் ஓசை கேளாத தெரு நம் நாட்டில் இல்லை எனலாம். எனினும், அப்பொறியில் ஏறியிறங்கும் ஊசியையும் உச்சியில் நிற்கும் நூற்கண்டையும் நோக்கினோர் பலராயிருக்க, தட்டின் அடியில் இருட்டிலிருந்து பணிசெய்யும் சிறியதோர் உருளையை நினைப்போர் மிகச் சிலரே. அதனைத் தையற்காரர் பாபின் என்பர். மேல்நூலோ பெரிய கண்டாய் நின்று பன்னாள் வரும். கீழ்நூலோ அச்சிற்றுருளை கொண்ட மட்டுமே. ஆதலின் தையல் இடையில் தடைப்படுவது பெரும்பாலும் கீழ்நூல் தீர்தலினாலேயாம். அவ்வுருளையில் நூலை நாமே சுற்றிக்கொள்ளுதல் நன்றோ, தொழிற்சாலையில் முன்னரே சுற்றி விற்கப்படும் பாபினை வாங்கி இடுதல் நன்றோ என்னும் வினாவையே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்தனர். எம் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அவ்வுருளையினின்றே அவிழ்ந்து வந்தது என்பதே அவர்க்கு யாம் கூறும் விடை.

எம் அன்னையார் நாகர்கோவிலை அடுத்த சிற்றூர் ஒன்றில் தையல் தொழில் செய்து வருகின்றார். யாம் மூன்றாம் வகுப்பில் பயின்ற நாள்தொட்டு, மாலைதோறும் எட்டு பாபினில் நூல் சுற்றிவைத்தல் எம் கடமையாயிருந்தது. வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு, மற்றை மூன்றும் மறுநாள் வெட்டவேண்டிய துணியின் நிறத்திற்கு இசைந்தவை. மிதிபொறியின் சக்கரத்தருகே உள்ள சிறு சுற்றுகருவியில் வெற்றுருளையைச் செருகி, நூலின் தலைப்பைச் சிறு துளையினூடே வாங்கிப் பிடித்து, காலால் மிதிக்க, உருளை கண்ணுக்குத் தோன்றாவண்ணம் சுழலும். அது பருத்து வரும் அழகில் யாம் எழுத்துப்பாடத்தை மறந்த நாள்களும் உள. எம் கைத்திறத்தில் எமக்குச் சிறிது செருக்கும் இருந்தது. அச்செருக்கு அடங்கிய வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம். அதற்குமுன் தையல் எவ்வாறு விழுகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

கையால் தைக்கும்போது நூல் முழுவதும் ஊசியின் பின்னே துணியினூடு சென்று மீளுகின்றது. பொறியிலோ ஊசியின் காது அதன் கூர்முனையருகே உள்ளது; ஊசி துணியை முழுதும் கடந்து போவதில்லை. அது நூலுடன் கீழிறங்கி, அடியெல்லையைத் தொட்டு, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் மேலேறும் அளவில், துணியால் தடுக்கப்பட்ட நூல் ஊசியின் பின்புறத்தே சிறியதொரு கண்ணியாகப் புடைக்கின்றது. அக்கணத்திற் கொக்கி ஒன்று வந்து அக்கண்ணியுள் நுழைந்து, அதனை அகலவிரித்து, பாபினையும் அதனைத் தாங்கும் கூடாகிய பாபின் கேஸையும் சுற்றிக் கொண்டுபோய் மறுபுறத்தே விட்டுவிடுகின்றது. உடனே மேலேயுள்ள நூல்தூக்கி அக்கண்ணியை இழுத்து இறுக்க, மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுகின்றன. இதனைப் பூட்டுத்தையல் எனலாம்.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மேல்நூலின் கண்ணி பாபினை முழுவதும் வலம்வருகின்றது என்றோம். அங்ஙனமாயின் அப்பாபின் பொறியோடு எவ்விடத்தும் ஒட்டியிருத்தல் இயலாது; ஓரிடத்து ஒட்டியிருப்பினும் கண்ணி அவ்விடத்தே தடைப்பட்டு நிற்குமன்றோ? ஆகவே பாபினும் அதன் உட்கூடும் கொக்கியின் வயிற்றினுள்ளே மிதப்பதுபோல் அமர்ந்து, தாமும் உடன்சுழலாதவாறு சிறு தடை ஒன்றினால் மட்டும் நிறுத்தப்பட்டுள்ளன. அத்தடைக்கும் கூட்டிற்கும் இடையே நூல் நழுவிப்போகும் இடைவெளி உண்டு. இதனை முதன்முதல் யாம் அறிந்த அன்று, நாடோறும் கண்ட பொறியை அன்றே கண்டதுபோல் வியந்தோம்.

'கீழ்நூல் விரைவிற் றீர்கின்றதெனில் பெரிய பாபினாகச் செய்துவிடலாகாதோ?' என்று வினவுவோர்க்கு விடையும் இதனுள்ளேயே அடங்கியுள்ளது. பாபின் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூல் அதனைச் சுற்றிவரவேண்டிய தொலைவும் பெருகும். அத்துணை நீள நூலும் கீழிறங்கித் திரும்பவும் மேலேறல் வேண்டும். தையலில் நிலைத்துநிற்கும் முன்னர், மேல்நூலின் ஒவ்வொரு பகுதியும் ஊசிக்காதினூடே பன்முறை முன்னும் பின்னும் உராய்கின்றது. பாபினைப் பெரிதாக்கின் அவ்வுராய்வு மிக்கு நூல் நைந்துபோம். பொறியின் விரைவும் குன்றும். ஆதலின் கீழ்நூல் சிறிதாயிருத்தல் பொறி செய்தோரின் உலோபமன்று, பூட்டுத்தையலின் இயல்பு.

கீழ்நூலே இல்லாத தையலும் உண்டு. அரிசிமூட்டையின் வாயை அடைக்கும் தையலை நோக்குக. அது சங்கிலித்தையல், ஒரே நூல் தன் கண்ணியுள்ளே தானே புகுந்து செல்வது. அதற்குப் பாபின் வேண்டா. நூற்கண்டு உள்ளமட்டும் தடையின்றி ஓடும். ஆனால் உரிய முனையைப் பற்றி ஓரிழுப்பு இழுப்பின், மூட்டைவாய் முழுவதும் 'சர்' என்று அவிழ்ந்துவிடும். மூட்டைக்கு அது நன்மை. சட்டைக்கு அது நாணக்கேடு. அவிழாத தையலுக்கு நாம் செலுத்தும் விலையே பாபின் மாற்றும் தொல்லை என்க.

இனி, பாபின் எங்கிருந்து வந்தது? நெசவாளர் தெருவினின்றே வந்தது எனின் மிகையாகாது. தறியில் நீளவாட்டில் நிற்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடைநூலைச் சிறு குழலிற் சுற்றி நாடாவினுள் வைத்து எறிவர். அவ்வாறு சுற்றப்பட்டதற்குத் தார் என்பது பெயர். கைத்தறி நெய்யும் இல்லங்களில் முதியோரும் பெண்டிரும் சிறுவரும் இராட்டையில் தார் சுற்றிக் கொடுக்க, நெய்பவர் நெய்துகொண்டேயிருப்பர். தறியிலிருப்பவர் தாமே எழுந்து தார் சுற்றப்போவாராயின் அன்றைய முழம் குறையும். 'முன்னரே சுற்றிவைத்தல்' என்னும் கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பது இதனாற் பெறப்படும். தையற்காரரைக் குறிக்கும் துன்னகாரர் என்னும் பழஞ்சொல் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் உள்ளது. அத்துன்னகாரர் கையூசியாற் றைத்தவராதலின் அவர்க்குப் பாபின் கவலை இருந்திலது.

அமெரிக்காவில் வால்ட்டர் ஹண்ட் என்பவர் 1830-களில் முனையிற் காதுள்ள ஊசியும் நாடாவும் கொண்ட பூட்டுத்தையற்பொறி ஒன்றைச் செய்தும், அப்பொழுது அதற்கு உரிமை பெறாது விடுத்தார். பின்னர் இலையாஸ் ஹோவ் என்பவர் 1846-ஆம் ஆண்டு அத்தகைய பொறிக்கு உரிமை பெற்றார். இவர் இளமையில் நெசவுப்பொறிகள் செய்யும் தொழிற்சாலையிற் பயின்றவர். தறியில் ஓடிய நாடாவே இவர்தம் பொறியின் அடியில் சிறிதாகி முன்னும் பின்னும் ஓடிற்று. ஐசக் சிங்கரின் பொறி 1851-ஆம் ஆண்டு உரிமை பெற்றது. நாடாவை ஓடவிடாது, நூலை வட்டமான தட்டையுருளையிற் சுற்றி ஓரிடத்தே நிறுத்தி, கொக்கியைச் சுழலவிடும் முறைக்கு ஆலன் வில்சன் என்பவர் 1852-ஆம் ஆண்டு உரிமை பெற்றார். இன்று நம் இல்லங்களில் உள்ள உருண்டைப் பாபின்கள் இவ்வழியில் வந்தனவே.

எம் மாவட்டத்தார்க்கு மற்றொரு பாபினும் தெரிந்திருக்கும். 1819-ஆம் ஆண்டு தம் கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்குள்ள பெண்டிர்க்குச் சரிகைப்பின்னலாகிய லேஸ் வேலையைக் கற்பித்தார். அதில், தலையணையின்மேல் ஊசிகளை நட்டு, நூல் சுற்றிய மரக்கதிர்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிமாற்றிப் பின்னுவர். அக்கதிர்க்கும் பாபின் என்பதே பெயர். பின்னல் தொடங்குமுன் எல்லாக் கதிர்களிலும் நூலைச் சுற்றிக்கொள்ளல் வேண்டும். எம் பாட்டியார் இவ்வேலையை அறிந்தவர். அவர் கதிர்சுற்ற, அன்னையார் பாபின்சுற்ற, யாமும் சுற்றினோம் எனின், எம் குடும்பம் மூன்று தலைமுறையாக நூல்சுற்றும் குடும்பமே.

இனி எம் செருக்கு அடங்கிய கதை. சில ஆண்டுகளுக்கு முன்னர், மகளிர் சுய உதவிக் குழுவிற் கடன்பெற்று, பழைய எம்பிராய்டரிப்பொறி ஒன்றை அன்னையார் வாங்கினார். கணினியில் வரைந்த படத்தை அது தானே துணியில் தைத்துவிடும். முதற்பெரும் வேலையாக, பள்ளி ஒன்றன் சட்டைப்பைகளில் விளக்கும் புத்தகமும் பொறித்த சின்னம் 300 தைக்கும் பணி கிடைத்தது. ஒரு சின்னத்திற்கு ஏறத்தாழ 6,000 தையல். ஒன்று முடிய ஒன்பது நிமிடம் செல்லும். யாம் அப்பொழுது பதினோராம் வகுப்பு. வழக்கம்போல் பாபின்களை யாமே சுற்றினோம். சட்டை தைக்கும் அதே பஞ்சிழை நூலை, அதே மிதிபொறியில், விரைந்து சுற்றினோம்.

முதல் இருபது நன்றாகவே வந்தன. பின்னர் மேல்நூலினிடையே கீழேயுள்ள வெண்ணூல் எள்முனைபோல் ஆங்காங்குத் தலைகாட்டிற்று. அதனைத் திருத்த மேல்நூலைத் தளர்த்தினோம், மறுபுறம் குழம்பிற்று. அதனினும் பெரிய தீங்கு, கீழ்நூல் எப்பொழுது தீரும் என்பது தெரியாமையே. எம் பாபின்களில் ஒன்றிற்கு ஒன்று நீளம் ஒவ்வாது. ஒன்று மூன்று சின்னத்திற்கு வரும்; மற்றொன்று இரண்டரையில் நின்றுவிடும். கீழ்நூல் தீர்ந்ததை உணரும் கருவி அப்பழைய பொறியிற் பழுதாயிருந்தது. ஆகவே நூல் தீர்ந்தபின்னும் ஊசி தன்பாட்டிற்குக் குத்திக்கொண்டே சென்றது. மேல்நூல் பற்றுக்கோடின்றித் துணிமேற் கிடந்தது. பொறியைப் பின்செலுத்தி விட்ட இடத்தினின்று தொடங்கலாம். ஆயினும் அவசரத்தில் பாபினை மாற்றும்போது துணியை இறுக்கிய பிரேம் மயிரிழை அசைந்தால் போதும், விளக்குக்கும் புத்தகத்துக்கும் நடுவே வெண்கோடு ஒன்று விழுந்துவிடும். அங்ஙனம் 38 பைகள் கழிக்கப்பட்டன. துணியின் விலை கூலியிற் பிடிக்கப்பட்டது. அம்மாதம் குழுவிற்குச் செலுத்தவேண்டிய தவணைக்கு அன்னையார் கைவளை ஒன்றை அடகுவைத்தார். நூல் சுற்றியவர் யாம். ஆகவே யாரையும் நோவதற்கில்லை. அன்றிரவு யாம் உண்ணாதிருந்ததைக் கண்டு, "உன் கைமேல் குற்றமில்லை மக்களே, எந்தக் கையும் ஒருநாள்போல் ஒருநாள் ஓடாது" என்றார்.

மறுவாரம் பொறி பழுதுபார்க்க வந்த அண்ணன் ஒருவர், எம் பாபினை எடுத்து விரலால் அழுத்திப்பார்த்தார். நடுவில் கல்லைப்போலும் ஓரத்தில் பஞ்சைப்போலும் இருந்தது. ஒன்றும் கூறாது, தம் பையிலிருந்து அட்டைப்பக்கமுடைய வெண்பாபின் நான்கை எடுத்துத் தந்து, "இதைப் போட்டுப் பாருங்கள் அக்கா" என்று அன்னையாரிடம் சொல்லிச் சென்றார். அவையே யாம் முதன்முதற் கண்ட முன்சுற்றிய பாபின்கள்.

அவற்றிற்கும் எம்முடையவற்றிற்கும் உள்ள வேறுபாட்டை நூலை அவிழ்த்தே கண்டோம். தொழிற்சாலைப் பாபினில் நூல் ஒரே இழுவிசையோடு, இழைக்குப் பக்கத்தில் இழையாக, அடுக்குக்குமேல் அடுக்காக அமர்ந்துள்ளது. கையாற் சுற்றுங்கால் மிதியின் விரைவு மாறுந்தோறும் இழுவிசையும் மாறும். இறுகிய மேலடுக்கு தளர்ந்த கீழடுக்கினுள் அரிவாள்போல் இறங்கிவிடும். தைக்கும்போது அவ்விடத்தில் நூல் சிக்கி வெடுக்கென்று இழுக்கும். வெண்புள்ளி தலைகாட்டியதன் காரணம் இதுவே. மேலும் பாலியெஸ்டர் நூல் சிறிது நீண்டு மீளும் தன்மையது. மிக்க விரைவிற் சுற்றின் நீண்டபடியே உருளையில் அமர்ந்து, தையலாக விழுந்தபின் மெல்லச் சுருங்கித் துணியையும் உடன்சுருக்கும். தைத்தபோது நேராயிருந்த தையல் மறுநாள் சுருங்கியிருக்கக் காண்போர் துவைத்ததன்மேற் பழிபோடுவர். பழி பாபினுடையதாகவும் இருக்கலாம். இறுகச் சுற்றிய நெகிழிப் பாபினின் பக்கங்கள் வெளியே பிதுங்கிக் கூட்டினுள் சுழலமாட்டாது நிற்பதும் உண்டு.

அன்றியும், முன்சுற்றிய பாபினில் இருப்பது சட்டைநூல் அன்று. பஞ்சு இல்லாத, மெல்லிய, தொடரிழையாகிய பாலியெஸ்டர் நூல். மெல்லியதாகலின் சிற்றுருளையிலும் மிகுதியாக அடங்கும். எல் என்னும் எழுத்தாற் குறிக்கப்படும் அளவுள்ள பாபினில் 100 மீட்டருக்கு மேற்பட்ட நூல் இருக்கும். பூவேலையில் கீழ்நூல் வெளியே தோன்றவேண்டுவதில்லை. மேல்நூலைப் பிடித்துக்கொண்டு மறைந்திருத்தலே அதன் பணி. அதற்கு மென்மையே நன்று. சரியாக அமைந்த வேலையைத் திருப்பிப் பார்ப்பின், அகன்ற தையலின் நடுவே மூன்றிலொரு பங்கு வெண்கீழ்நூலும், இருமருங்கும் மூன்றிலொரு பங்கு நிறநூலும் தோன்றும். அன்று தொட்டு எம் அன்னையார் எவ்வேலையையும் முன்பக்கத்தைப் பாராது முதலிற் பின்பக்கத்தையே பார்க்கலானார்.

ஆயினும், புதிய பாபினை இட்டவுடன் எல்லாம் செம்மையாயிற்று என்று எண்ணவேண்டா. கெட்டியான நூலுக்கெனத் திருகிவைத்த கூட்டில் மெல்லிய நூல் தடையின்றி வழுவியோடிற்று. பாபின் கேஸின் பக்கத்தில் மெல்லிய வில்தகடும் அதன்மேல் மிகச் சிறிய திருகாணியும் உள்ளன. அத்தகட்டின் அடியில் நசுங்கிச் செல்வதனாலேயே கீழ்நூலுக்கு இறுக்கம் உண்டாகின்றது. இதனை அளக்கும் கருவி உண்டாயினும், நூலைப் பிடித்துக் கூட்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பதே எளிய வழி. கூடு தன் சுமையாலேயே கிணற்றுவாளிபோல் விரைந்து இறங்குமாயின் நூல் தளர்வு. கையைச் சிறிது உதறியும் அசையாதாயின் இறுக்கம். உதறுந்தோறும் இரண்டொரு அங்குலம் இறங்கி நிற்குமாயின் அதுவே பதம். திருகாணியை வலப்புறம் திருகின் இறுகும். இடப்புறம் திருகின் தளரும். கடிகாரத்தின் பெரியமுள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவினும் மிகுதியாக ஒருமுறையில் திருப்பலாகாது. அத்திருகாணி கழன்று தரையில் வீழ்ந்தால் தேடிக் காண்டல் அரிது. யாம் ஒருமுறை காந்தத்தைக் கொண்டு கண்டெடுத்தோம். வில்தகட்டின் அடியில் பஞ்சுத்தூசி சேர்ந்திருப்பின் எத்துணைத் திருகியும் பயனில்லை. கெட்டித்தாளின் மூலையை உள்ளே செலுத்தி இழுத்துத் துடைத்தல் வேண்டும்.

வேலைமாறுந்தோறும் திருகுவதை வெறுத்து, அன்னையார் ஒவ்வொரு பொறிக்கும் கூடு இரண்டாக வைத்துக்கொண்டார். ஒன்று முன்சுற்றிய பாபினுக்கு. அதன்மேல் நகப்பூச்சினால் சிவப்புப் பொட்டு ஒன்று இட்டார். மற்றொன்று கையாற் சுற்றியதற்கு. எம் வீட்டில் நிகழ்ந்த சீர்திருத்தங்களுள் செலவுகுறைந்ததும் பயன்மிக்கதும் இதுவே.

அளவைப்பற்றியும் ஒரு சொல். பாபின்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். வீட்டுப்பொறிகள் பலவற்றில் இடும் 15-ஆம் வகுப்புப் பாபினும், எல் பாபினும் ஏறத்தாழ ஒரே வட்டமுடையன. இரண்டும் 20 மில்லிமீட்டர் சொச்சம். ஆனால் முன்னதன் தடிப்பு ஏறத்தாழ 11.7 மில்லிமீட்டர், பின்னது 9 மில்லிமீட்டரளவே. இதனை அறியாது, எல் பாபினை மிதிபொறியின் கூட்டில் இட்டோம். உள்ளே அது தளர்ந்த பல்லைப்போல் ஆடிற்று. தையல் ஓரிடம் இறுகியும் ஓரிடம் தளர்ந்தும் வந்தது. 66-ஆம் வகுப்புப் பாபினோ பக்கங்கள் சற்றே குவிந்திருப்பது. அதனைத் தட்டையானதன் இடத்தில் இடலாகாது. எம் என்னும் அளவு இவற்றினும் பெரிது. தோலும் தடித்த துணியும் தைக்கும் பெரும்பொறிகளிற் பயில்வது. ஆகவே கடைக்குச் செல்வோர் பொறியின் பெயரை மட்டும் கூறாது, பழைய பாபினையே கையிற் கொண்டுசெல்வாராக.

பக்கத்திலும் வேறுபாடு உண்டு. அட்டைப்பக்கம் உடையது, நெகிழிப்பக்கம் உடையது, பக்கமே இன்றி நூல் தானே ஒட்டிநிற்பது, நடுவிற் காந்தம் வைத்தது எனப் பல. காந்தம் இரும்புக்கூட்டைப் பற்றி இழுப்பதால், நூல் நிறைந்திருப்பினும் குறைந்திருப்பினும் சுழற்சி ஒருபடியாயிருக்கும். கீழ்நூல் தீர்வதை ஒளியைக்கொண்டு உணரும் பொறிகளில் அட்டைப்பாபினை இட்டால், ஒளி ஊடுருவாமையால் பொறி ஏமாறும். வாங்குமுன் இதனையும் உசாவல் நன்று.

இனி வரவுசெலவு. முன்சுற்றியது விலையேறியது, நூற்கண்டை வாங்கி நாமே சுற்றுவதற்கு இத்துணைச் செலவில்லை. முதற்பெட்டியை வாங்கத் துணிய அன்னையார்க்கு ஒரு மாதம் சென்றது. பெட்டியில் 144 பாபின்கள். நேரம் மிச்சமாகும் என்பதே விற்போர் சொல்லும் பெரிய காரணம். எம் வீட்டில் அக்காரணம் செல்லாது. எட்டு பாபின் சுற்றும் சிறுவர்க்கு யார் கூலி கொடுத்தார்? பயன் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு பாபினும் ஏறத்தாழ 25,000 தையலுக்கு வந்ததைக் கண்டோம். 6,000 தையலுள்ள சின்னம் நான்கு தடையின்றி முடியும். ஐந்தாவது இடையில் நிற்கும். இது தெரிந்தபின், நான்கு முடிந்தவுடன், துணியைப் பிரேமில் ஏற்றுமுன்னரே பாபினை மாற்றிவிடுவோம். மிச்சமுள்ள நூலைச் சிறு பெயரெழுத்துகள் தைக்கும் வேலைக்கு ஒதுக்கினோம். நூல் மிகுதியாக இருந்தது என்பதன்று. எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருந்தது என்பதே எம்மைக் காத்தது. முடிவு எங்கே என்று முன்னரே தெரிந்த நூலைக்கொண்டு கணக்கிடலாம். தெரியாததைக்கொண்டு கலங்கலாமேயன்றிக் கணக்கிடல் ஆகாது. அடுத்த ஆண்டு அதே பள்ளிக்கு 300 பைகள் தைத்தோம், கழிந்தவை இரண்டு. அவ்விரண்டும் மின்சாரம் நின்றமையால் வந்தவை.

ஆடைத் தொழிற்சாலைகளில் இக்கணக்கு வேறு. நேர்த்தையலில் ஒரு மீட்டர் தைக்கக் கீழ்நூல் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் செல்லும். நிமிடத்திற்கு 5,000 தையல் போடும் பொறி, ஒரு தையல் 2.5 மில்லிமீட்டர் எனின், இடைவிடாது ஓடினால் நிமிடத்திற்கு 12.5 மீட்டர் தைக்கும். கீழ்நூல் 15 மீட்டருக்கு மேல் வேண்டும். பாபினில் 60 மீட்டர் உள்ளதெனக் கொள்ளின் நான்கு நிமிடத்திற்குள் தீர்ந்துபோம். கேட்டதும் முன்சுற்றிய பாபின் அங்கேயே மிகவேண்டும் என்று தோன்றும். ஆனால் அப்பொறிகளில், தைத்துக்கொண்டிருக்கும்போதே மற்றொரு பாபினில் நூல் சுற்றப்படும் அமைப்பு உண்டு. ஒன்று தீருமுன் மற்றொன்று நிறைந்துவிடும். மேலும் சட்டைக்கு உட்புறத்தும் அதே நிறமும் அதே வலிமையும் உடைய நூல் வேண்டும். ஆதலின் முன்சுற்றியதற்கு உரிய இடம் பெரும்பாலும் பூவேலையே.

எம் வீட்டிலும் நூல் சுற்றுதல் ஒழிந்துவிடவில்லை. கருஞ்சிவப்பு இரவிக்கைக்கு வெண்கீழ்நூல் இட்டுக்கொடுத்தால் யார் ஏற்பர்? முன்சுற்றியவற்றுள் வெள்ளையும் கறுப்பும் எளிதிற் கிடைக்கும். இரவிக்கை நிறங்களோ எண்ணிறந்தன. சிறுமியர் பாவாடைச்சட்டையின் மார்பிற் சுருக்கம் வைக்க ரப்பர் நூலைப் பாபினிற் சுற்றவேண்டும். அதனைப் பொறியிற் சுற்றலாகாது, கையாலேயே, இழுக்காமல் தளரச் சுற்றல் வேண்டும். கையாற் சுற்றுவோர்க்கு யாம் பட்டறிந்த சில உள. நூலைச் சுற்றுகருவியின் இறுக்குத்தட்டின் இடையே செலுத்த மறந்தால் உருளை பஞ்சாகும். பழைய நூலின் மிச்சத்தின்மேற் புதியதைச் சுற்றினால் இரண்டும் சேருமிடத்தே சிக்கும், நிறம்வேறாயின் கேட்கவேண்டா. தொடக்கத்திற் பிடித்திருந்த தலைப்பை ஒட்ட வெட்டாவிடின் அது கூட்டினுள் மடிந்து நிற்கும். விளிம்புவரை நிரப்பாது சிறிது இடம்விட்டு நிறுத்துக. அனைத்தினும் மேலாக, மிதியை ஒரே நிலையில் மிதிக்க. சிறுவயதில் எம் உருளைகள் கல்லும் பஞ்சுமாக வந்ததற்குக் காரணம், எவ்வளவு விரைவில் சுற்றமுடியும் என்று எம் தங்கையோடு போட்டியிட்டதே.

தீர்ந்த பாபின்களின் நெகிழிப்பக்கங்கள் வீட்டில் மலிந்துவிட்டன. தங்கை அவற்றைத் தீப்பெட்டி வண்டிகளுக்குச் சக்கரமாக்கினாள்; பக்கத்து வீட்டுச் சிறுவர் சீட்டாட்டத்திற் காசாக வைத்தாடினர். மற்றவை குப்பைக்கே சென்றன. உலோகப் பாபின் ஒன்று முப்பது ஆண்டு உழைக்கும், இவையோ ஒருமுறை. இக்குறையை எவ்வாறு தீர்ப்பதென எமக்கு வழி தோன்றவில்லை. அட்டைப்பாபினே வாங்குவது என்று மட்டும் இப்போது வழக்கப்படுத்திக்கொண்டோம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, பண்டிகைத் துணிகள் குவிந்திருந்தன. பூவேலைப்பொறி தன் பெட்டியிலிருந்து தானே உண்டு தானே ஓடிற்று. அன்னையார் பிஸ்கட் டப்பா ஒன்றை எம் முன்னே வைத்தார். அதனுள் வெற்றுப் பாபின்கள் பன்னிரண்டும், கிளிப்பச்சை, மாம்பழமஞ்சள், கருஞ்சிவப்பு நூற்கண்டுகளும் இருந்தன. "மெதுவாக மிதி, மக்களே" என்றார். யாம் மிதிபொறியண்டை அமர்ந்து முதலிற் கருஞ்சிவப்பைச் சுற்றலானோம்.